சிறுத்தைகளும் சட்டம் ஒழுங்கும்: தென்னார்க்காட்டு வடவெல்லையில் ஓர் இயக்கத்தின் வரலாறு

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையும் எழும்பூரிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையும் அடுத்தடுத்துத் தொட்டுச் செல்லும் ஒலக்கூர், திண்டிவனத்துக்குச் சற்று வடக்கே, பழைய தென்னார்க்காடு மாவட்டம் செங்கற்பட்டை எதிர்கொண்ட எல்லைப்புறத்தில் அமைந்த ஊர். 1993-இல் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்த இந்தப் பகுதி, ஏரிப் பாசனத்தையும் மானாவாரி மணிலாவையும் நம்பிய வேளாண் நிலமாகும். இங்குள்ள குடியிருப்பு முறையில் சாதி இந்துக்கள் வாழும் பகுதி 'ஊர்' என்றும், பட்டியல் சாதியினர் வாழும் பகுதி முன்பு 'சேரி' என்றும் பின்னர் அரசாவணங்களின் வழியே 'காலனி' என்றும் வழங்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு வயலோ ஓடையோ சாலையோ கிடப்பது வழக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டு மக்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினராக இருக்க, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அந்தப் பங்கு 29 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய மக்கள் திரள் நிலத்திலும் அதிகாரத்திலும் இவ்வளவு சிறிய பங்கே பெற்றிருந்த நிலையில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் போர்க்குணமிக்க இயக்கம் ஒன்றின் பெயர் பம்பாய், மதுரை வழியாக இந்தக் காலனிகளின் முகப்பில் கொடியாக வந்து ஏறியதும், அரசு அதை எதிர்கொண்ட விதமும் தனியே ஆராயத்தக்கவை.

அந்த இயக்கம் 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஹ்யூயி நியூட்டன், பாபி சீல் என்னும் இரு மாணவர்கள் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சி. சிறுத்தைச் சின்னம் அவர்கள் உருவாக்கியதன்று. அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் வட்டாரத்தில் வாக்குரிமைக்காகப் போராடிய கறுப்பின அமைப்பு ஒன்று தேர்தல் சின்னமாகக் கொண்டிருந்ததையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். தங்கள் பகுதியில் ரோந்து வரும் போலீசாரைத் துப்பாக்கி ஏந்தியபடி பின்தொடர்ந்து கண்காணிப்பதில் தொடங்கிய கட்சி, நிலம், உணவு, வீடு, கல்வி, நீதி ஆகியவற்றைக் கோரும் பத்து அம்சத் திட்டத்தை முன்வைத்ததோடு, 1969 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் இலவச மருத்துவமும் வழங்கும் அமைப்பாகவும் வளர்ந்தது. துப்பாக்கிக் கண்காணிப்பை முடக்க 1967-இலேயே கலிபோர்னியச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அக்கட்சிக்கு எதிரான பெரும்பணி சட்டமன்றத்தில் நடக்கவில்லை. மத்தியப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ., கம்யூனிஸ்டுகளை ஒடுக்க 1956-இல் தொடங்கிய 'கோயின்டெல்புரோ' என்னும் மறைமுக நடவடிக்கைத் திட்டத்தை 1967-இல் கறுப்பின அமைப்புகள் மீது திருப்பியது. கையாட்களை உள்ளே அனுப்புவது, பொய்க் கடிதங்கள் எழுதி ஓர் அமைப்பின் தலைவரை இன்னொன்றின் தலைவர் கொல்ல நினைப்பதாக நம்பவைப்பது, பத்திரிகைகளுக்கு அவதூறுகளைக் கசியவிடுவது ஆகியவை அதன் வழிமுறைகள். சிகாகோவில் 21 வயதேயான ஃபிரெட் ஹாம்ப்டன் 1969 டிசம்பர் 4 அதிகாலையில் போலீஸ் திடீர்ச் சோதனையில் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது வீட்டின் வரைபடத்தை எப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர் அவருடைய பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த கையாள். 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா நகரிலிருந்த எப்.பி.ஐ. கிளை அலுவலகத்தைச் சிலர் இரவில் உடைத்துக் கோப்புகளை எடுத்துச் சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பிய பின்னரே இத்திட்டத்தின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது. பின்னர் செனட் சபையின் குழுவொன்று விசாரித்து, அரசு தன் சட்டத்தைத் தானே மீறியதைப் பதிவு செய்தது. அங்கு ஒடுக்குமுறை மறைவில் நடந்தது என்பதும், வெளிப்பட்டவுடன் அவமானமாயிற்று என்பதும் நினைவில் கொள்ளவேண்டியவை. பின்னர் வரும் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன.

சிறுத்தையின் பெயர் இந்தியாவுக்கு வந்த வழியில் தென்னார்க்காட்டுக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்தவரும் மூன்று முறை மக்களவை உறுப்பினராக இருந்தவருமான எல். இளையபெருமாள் தலைமையில் தீண்டாமை நிலையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய 1965-இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. நாடெங்கும் சுற்றி 1969-இல் அக்குழு அளித்த அறிக்கை, அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்து இருபது ஆண்டுகள் ஆகியும் கோயில், கிணறு, தேநீர்க் கடை, முடிதிருத்தகம் எங்கும் அது உயிரோடிருப்பதையும், எதிர்த்தவர்கள் மீது நடந்த வன்கொடுமைகளையும் அடுக்கிக் காட்டியது. 1970-இல் நாடாளுமன்றத்தில் இவ்வறிக்கையை ஒட்டி எழுந்த விவாதமும், அதன்மேல் அரசு காட்டிய மெத்தனமும் பம்பாயின் இளம் மராத்தி எழுத்தாளர்களைக் கொதிப்படையச் செய்தன. நாம்தேவ் டசால், ஜே.வி. பவார், ராஜா டாலே முதலியோர் 1972-இல் தொடங்கிய 'தலித் பேந்தர்' அமைப்பு, அமெரிக்கச் சிறுத்தைகளைத் தங்கள் 1973 அறிக்கையிலேயே வெளிப்படையாக நினைவுகூர்ந்தது. 1974 ஜனவரியில் ஒர்லி குடியிருப்புகளில் நடந்த கலவரமும் போலீஸ் நடவடிக்கையும், தொடர்ந்து குவிந்த வழக்குகளும், மார்க்சியமா அம்பேத்கரியமா என்ற உட்பூசலும் சேர்ந்து அவ்வமைப்பை விரைவில் உடைத்தன. 1977-இல் அது கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, அதை ஏற்காத இளைஞர்கள் 'பாரதிய தலித் பேந்தர்' என்ற பெயரில் தொடர்ந்தனர்.

அந்தக் கிளையின் தமிழ்நாட்டுப் பிரிவை மதுரையில் 1982-இல் நிறுவியவர் வழக்கறிஞர் அ. மலைச்சாமி. ஓக்லாந்தில் மூலக் கட்சி தன் கடைசிப் பள்ளியையும் மூடி முடிவுக்கு வந்த ஆண்டும் அதுவே. சிகாகோ வழக்கில் ஹாம்ப்டன் குடும்பத்தாருக்கும் உடன் பாதிக்கப்பட்டோருக்கும் 18.5 லட்சம் டாலர் இழப்பீடு தர அரசுத் தரப்பு ஒப்புக்கொண்ட ஆண்டும் அதுவே. 1989-இல் மலைச்சாமி மறைந்தார். மதுரையில் தடய அறிவியல் துறையில் பணியாற்றிவந்த, அரியலூர்ப் பக்கத்து அங்கனூரைச் சேர்ந்த தொல். திருமாவளவன் 1990-இல் பொறுப்பேற்று, அமைப்புக்கு 'விடுதலைச் சிறுத்தைகள்' எனப் பெயரிட்டு, நீலமும் சிவப்பும் கொண்டு நடுவில் வெள்ளை விண்மீன் பொறித்த கொடியை அவ்வாண்டு அம்பேத்கர் பிறந்தநாளில் மதுரையில் ஏற்றினார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான 'டி.பி.ஐ.' என்பதே வடமாவட்டக் கிராமங்களில் நெடுங்காலம் வழங்கியது. முதியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மதுரையில் பிறந்த இயக்கம் வடக்கே வேர்பிடித்ததற்குக் காரணம், இந்த மண்ணில் அதற்கு முன்பே இருந்த இரண்டு வரலாறுகள். முதலாவது 1978. அவ்வாண்டு ஜூலை இறுதியில் விழுப்புரம் நகரில் பெரிய பறைச்சேரி தாக்கப்பட்டு 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். 1968-இன் கீழவெண்மணியைத் தமிழகம் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இதை நினைவில் வைக்கவில்லை. வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவர்களைப் பண்ணையார்கள் எரித்தார்கள் என்னும் தெளிவான வர்க்கக் கதை இருந்தது. விழுப்புரத்திலோ நகரச் சந்தையில் தொடங்கிய பூசல் நாட்கணக்கில் நீண்டு படுகொலையாக முடிந்தது. அதை ஏந்திச் செல்ல எந்தப் பெரிய கட்சியும் முன்வரவில்லை. தங்களுக்கென ஓர் அமைப்பு இல்லாததன் விலை என்ன என்பதை அந்த நிகழ்வு சுற்றுவட்டச் சேரிகளுக்குக் காட்டியது.

இரண்டாவது, திண்டிவனத்திலேயே நிகழ்ந்தது. அந்நகரில் மருத்துவம் பார்த்துவந்த ச. இராமதாசு 1980-இல் பல சாதிச் சங்கங்களை இணைத்து வன்னியர் சங்கத்தை உருவாக்கினார். நிலமுடையோரும் நிலமற்ற கூலிகளுமாகப் பரவியிருந்த வன்னியருக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு 1987 செப்டம்பரில் நடந்த ஒருவாரச் சாலை மறியலில், மரங்களை வெட்டிச் சாய்த்துப் பெருஞ்சாலை துண்டிக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் தாக்குதல்களிலும் இறந்தவர்களாக 21 பேரைச் சங்கம் நினைவுகூர்கிறது. அதே வாரத்தில் தென்னார்க்காட்டின் பல சேரிகளில் குடிசைகள் எரிந்தன. அரசு முதலில் சுட்டது. இரண்டே ஆண்டில், 1989-இல், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற புதிய பிரிவை அமைத்து 20 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கியது. சாலையை மறிக்கும் அளவுக்குத் திரளும் எண்ணிக்கை அரசைப் பணியவைக்கும் என்பதே இதிலிருந்து காலனி இளைஞர்கள் கற்ற பாடம் எனலாம். எரிந்த குடிசைகள் அவர்களுடையவை. கிடைத்த பாடமும் அவர்களுக்கே பயன்பட்டது.

எனவே 1990-களின் தொடக்கத்தில் திருமாவளவன் திண்டிவனம், விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் இரவுக் கூட்டங்கள் நடத்தத் தொடங்கியபோது, கேட்பதற்கு ஆட்கள் காத்திருந்தனர். 'அடங்க மறு, அத்து மீறு' என்று தொடங்கும் அவரது முழக்கம் அடங்கிப்போவதையே இயல்பாகக் கருதிய தலைமுறைக்கு எதிராகப் பேசியது. இயக்கம் முதலில் கைவைத்தது பெரிய கோரிக்கைகளில் அல்ல. ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மறுப்பது, செத்த மாட்டை அகற்ற மறுப்பது, தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்ப்பது, பொதுச்சாலையில் செருப்போடும் மிதிவண்டியோடும் செல்வது ஆகிய அன்றாட மறுப்புகளிலேயே அது உருப்பெற்றது. காலனி முகப்பில் கொடிக்கம்பம் நடுவது இவை அனைத்துக்கும் அடையாளமாயிற்று. ஊர்த்தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் அந்தக் கம்பம் நிற்க வேண்டும் என்பதில் இளைஞர்கள் பிடிவாதமாக இருந்தனர். அதனாலேயே அது வெட்டப்பட்டது, மீண்டும் நடப்பட்டது. பின்னாளில் நடந்த தமிழ்ப்பெயர் சூட்டும் இயக்கத்தில் தொண்டர்கள் தந்தையரின் பெயரைக்கூட மாற்றி வைத்துக்கொண்டதும் இதன் தொடர்ச்சியே. அடிமைக் காலப் பெயரைத் துறந்து 'எக்ஸ்' என்ற எழுத்தை ஏற்ற அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கமின் செயலோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் மால்கமுக்கு மூதாதையர் பெயர் தெரியாது, இங்கோ பெயர் தெரிந்திருந்தும் அது சாதியைக் காட்டிக்கொடுத்தது. இதே காலத்தில் ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய 'நிறப்பிரிகை' இதழ் தலித் அரசியல் குறித்த விவாதங்களை அறிவுலகில் நிகழ்த்தியது. அந்த ரவிக்குமாரே பின்னர் இக்கட்சியில் சேர்ந்து விழுப்புரம் மக்களவை உறுப்பினரானார்.

அரசின் எதிர்வினையை விளங்கிக்கொள்ள, 1982-இன் இன்னொரு நிகழ்வையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள், குடிசைப்பகுதி நிலம் பறிப்போர் போன்றோரைத் தடுத்து வைப்பதற்கான தமிழ்நாட்டின் 14-ஆம் சட்டம், மக்கள் வழக்கில் 'குண்டாஸ்', அவ்வாண்டு இயற்றப்பட்டது. மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையர் தம் மனநிறைவின் அடிப்படையில் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் வைக்க இது இடந்தருகிறது. காரணங்கள் எழுத்தில் தரப்பட வேண்டும், அறிவுரைக் கழகம் பரிசீலிக்க வேண்டும் என்னும் பாதுகாப்புகள் சட்டத்தில் உண்டு. நகல் தெளிவில்லை, மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம் என்பன போன்ற குறைகளைச் சுட்டி ஆட்கொணர்வு மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் ஏராளமான ஆணைகளை ரத்துசெய்தும் வந்துள்ளது. ஆனால் ரத்து ஆவதற்குள் கடலூர் மத்திய சிறையில் மாதங்கள் கழிந்துவிடும். நோக்கமும் பெரும்பாலும் அவ்வளவே. தேசியப் பாதுகாப்புச் சட்டமும், 1995-இல் காலாவதியாகும்வரை தடா சட்டமும் இதனோடு சேர்ந்து நின்றன. கிராம அளவில் இவற்றைவிட அதிகம் பயன்பட்டவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110, 144-ஆம் பிரிவுகள். அமைதியைக் குலைப்பார் என்று கருதப்படுபவரிடம் முன்கூட்டியே பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது முதலாவது. வழக்கமான குற்றவாளி என்று கருதப்படுபவரிடம் நன்னடத்தைப் பிணை வாங்குவது இரண்டாவது. கூட்டங்களுக்கும் நடமாட்டத்துக்கும் தடைவிதிப்பது மூன்றாவது. 'நூத்திஏழு போட்டுட்டாங்க' என்ற தொடர் வழக்கறிஞரை அறியாத வீடுகளிலும் பழகிப்போனது.

1999-இல் வெளிவந்த இந்தியத் தலித்துகள் பற்றிய தனது அறிக்கையில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் பன்னாட்டு மனித உரிமை அமைப்பு, தமிழ்நாட்டில் தலித் செயற்பாட்டாளர்கள் குண்டர்களாகவும் தீவிரவாதிகளாகவும் முத்திரை குத்தப்பட்டுத் தடுப்புக் காவலில் அடைக்கப்படுவதை விரிவாகப் பதிவு செய்தது. சாதி மோதல் ஒன்று நடந்தால் இருதரப்பிலும் சம எண்ணிக்கையில் கைது செய்வது காவல்துறையின் வழக்கமாக இருந்தது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தலித் ஒருவர் புகார் கொடுத்தால், மறுநாளே அவர்மீது எதிர் வழக்கு பதிவாகும். பிறகு திண்டிவனம் போன்ற கோட்டத் தலைமையிடத்தில் வருவாய் அதிகாரி முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை கூடும். இரு வழக்குகளையும் திரும்பப் பெறுவதே சமாதானம் என்று அங்கே கருதப்படும். தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்த நடுநிலை, பார்ப்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஓக்லாந்துக்கும் ஒலக்கூர் வட்டாரத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க அரசுக்குத் தன் செயலை மறைக்கக் கள்ளக் கடிதங்கள் தேவைப்பட்டன, ஏனெனில் அதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. இங்கே எல்லாம் எண்ணிட்ட கோப்பில், முத்திரையோடும் கையொப்பத்தோடும் நடந்தது. தடுத்து வைக்கப்பட்டவருக்கு அவர் அறிந்த மொழியில் ஆணை நகலும் தரப்பட்டது. யாரும் எந்த அலுவலகத்தையும் உடைத்துக் கோப்புகளை வெளிக்கொணர வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே அவமானமும் எழவில்லை.

சட்டத்தோடு துப்பாக்கியும் தடியும் பேசிய இடங்களும் உண்டு. 1892-இல் ஆங்கிலேய அரசு பட்டியல் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரி மாமல்லபுரம் அருகே காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தனர். ஒலக்கூருக்கு வடக்கே தொடங்கும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலக் கணக்குதான் அந்தப் பஞ்சமி ஆணைக்கே காரணமாயிருந்தது. அம்மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்தே அது பிறந்தது. தெற்கே, 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீடுகளையும் பொருள்களையும் அழித்தனர். தலித்துகளிடையே ஓரளவு வசதி பெற்ற ஊர் அது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் கலைக்கப்பட்டபோது தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தனர். இவற்றில் பல விடுதலைச் சிறுத்தைகளின் போராட்டங்கள் அல்ல. எனினும் அரசு எந்தக் கண்ணோடு தலித் திரட்சியைப் பார்த்தது என்பதை இவை காட்டுகின்றன. 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் பேருந்துப் பயணத்தின்போது கொல்லப்பட்டபோது, தனித்தொகுதியில் வென்ற தலைவரைக் காக்க அந்த அரசுக்கு ஆளில்லாமல் போனதையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

பத்தாண்டுகள் தேர்தலைப் புறக்கணித்த இயக்கம் 1999-இல் தேர்தலுக்குள் வந்தது. அரசுப் பணியைத் துறந்த திருமாவளவன், மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணியில் சிதம்பரத்தில் நின்று தோற்றாலும் இரண்டேகால் லட்சம் வாக்குகள் பெற்றார்; வாக்களித்ததற்காகக் காலனிகள் தாக்கப்பட்டன. 2001-இல் தி.மு.க. அணியில் மங்களூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். இந்த மாற்றத்துக்கு அரசின் அழுத்தம் ஒரு காரணமென்று தொண்டர்களே சொல்வதுண்டு. கட்சி என்ற பதிவு இருந்தால் கூட்டத்துக்கு அனுமதி கேட்கலாம், கைதானவருக்காகச் சட்டமன்றத்தில் பேசலாம், 'தீவிரவாத அமைப்பு' என்ற சொல்லிலிருந்து விலகலாம். சிறுத்தைகளை நெடுங்காலம் ஆய்ந்த ஹியூகோ கோரிங்கே இதை இயக்கம் நிறுவனமாவதன் விலையாகக் காண்கிறார். அந்தக் கணிப்பில் நியாயமுண்டு என்றாலும், வழக்குகளுக்கிடையே வாழ்ந்த கிளைச் செயலாளர் ஒருவருக்கு அது விலையாக மட்டும் தெரிந்திருக்காது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கத்தின் மேடையில் இராமதாசும் திருமாவளவனும் சேர்ந்து நின்றபோது, திண்டிவனத்தில் தொடங்கிய இரு வரலாறுகளும் ஒன்றாகிவிடும் என்று சிலர் நம்பினர்.

அந்த நம்பிக்கை 2012 நவம்பரில் தருமபுரியில் வன்னியர் தாக்குதலில் எரிந்த மூன்று தலித் காலனிகளோடு முடிந்தது. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்கச் சித்திரை முழுநிலவு விழாவுக்குச் சென்றவர்களுக்கும் மரக்காணம் கட்டையன் தெருத் தலித்துகளுக்கும் மூண்ட மோதலில் வீடுகள் எரிந்தன. விழாவுக்குச் சென்றவர்களில் இருவர் இறந்தனர். அவர்கள் சாவு கொலையா விபத்தா என்பதில் இராமதாசின் பாட்டாளி மக்கள் கட்சியும் காவல்துறையும் முரண்பட்டன. இம்முறை அரசு திரும்பியது வன்னியர் சங்கத்தின் மீது: இராமதாசு கைது செய்யப்பட்டார், சங்கத் தலைவர் காடுவெட்டி குரு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். சிறுத்தைகளுக்கெனப் பழகிய கருவிகள் எதிர்த்தரப்புக்கும் பொருந்தின. 'சட்டம் ஒழுங்கு' என்னும் பார்வைக்குச் சாதி ஒரு நீதிப் பிரச்சினையாக இல்லாமல் கூட்டத்தின் அளவாகவே தெரிவதை இது உறுதிப்படுத்துகிறது.

2023-இல் விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித்துகள் நுழையவிடாமல் தாக்கப்பட்டபோது, வருவாய்த் துறை பல சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்திய பின் ஜூன் மாதத்தில் கோயிலையே பூட்டி முத்திரையிட்டது. வழிபடும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும் ஒரே தீர்வு கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு நடந்த மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் தங்கள் பானைச் சின்னத்திலேயே வென்ற விடுதலைச் சிறுத்தைகள், மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றனர். அப்போது அவர்கள் ஆளும் கூட்டணியில் இருந்தனர். காலனி முகப்பில் கம்பம் நட அனுமதி மறுக்கப்பட்டால் கிளைப் பொறுப்பாளர்கள் முறையிட வேண்டியிருந்தது தங்கள் கூட்டணி அரசின் வட்டாட்சியரிடமே. 2024 டிசம்பரில் மதுரை மாவட்டம் வெளிச்சநத்தத்தில் இக்கட்சியின் உயரமான கொடிக்கம்பம் ஏறியதற்காக வருவாய் ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அடுத்த மாதம், பொது இடங்களிலுள்ள எல்லாக் கட்சிக் கொடிக்கம்பங்களையும் அகற்றும்படி மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பெரிய கட்சிகளுக்கு ஊர் நடுவே சொந்தக் கட்டடமும் பட்டா நிலமும் உண்டு. காலனிக்காரர்கள் கம்பம் நட்டிருந்த இடம் பெரும்பாலும் புறம்போக்கு.